இரண்டு முறை பாடிய ஒரு குரல்

ஒருவர் ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்கிறார். பிறகு அதை ஹெட்போனில் கேட்டபடியே, அதே வரிகளை அதே மெட்டில் மறுபடியும் பாடிப் பதிகிறார். இரண்டையும் ஒருசேர ஓடவிட்டால் குரல் தடித்து, சற்றே மினுங்கி, தனிக்குரலுக்கு வாய்க்காத ஒரு கனத்தோடு கேட்கும். இதற்கு டபுள் டிராக்கிங் என்று பெயர். ஒரு மைக், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கணினி இருந்தால் படுக்கையறையிலேயே செய்துவிடலாம். செய்முறை எளிது. அதிலிருந்து எழும் கேள்வி அவ்வளவு எளிதன்று. அதே ஆள், அதே பாட்டு, அதே மெட்டு என்று மூன்று முறை ‘அதே’ வரும் இடத்தில், இரண்டு என்று எண்ணத்தக்கது எது? காதில் விழுவது ஒரு குரலா, இரண்டு குரல்களா?

முதலில் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். வீட்டில் பதிவு செய்யத் தொடங்குகிறவர்கள் பலர், பாடிய டிராக்கை நகலெடுத்து அதன் கீழேயே ஒட்டிவிட்டு டபுள் ஆகிவிட்டது என்று நினைப்பதுண்டு. ஆவதில்லை. முற்றும் ஒத்த இரண்டு அலைகள் கூடினால் வீச்சு இரு மடங்காகும்; ஒலியளவு 6 டெசிபல் ஏறும்; அவ்வளவுதான். நகலெடுக்காமல் ஒலியளவை மட்டும் ஏற்றியிருந்தாலும் இதே பலன்தான். மூலத்தை முழுக்க இடப்பக்கமும் நகலை முழுக்க வலப்பக்கமும் தள்ளிப் பார்த்தாலும் மாற்றமில்லை. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நேர் நடுவில் அமர்ந்து கேட்பவருக்கு, ஸ்பீக்கரே இல்லாத நடு இடத்திலிருந்து ஒற்றைக் குரல் வரும்.

எல்லாப் பண்புகளிலும் ஒத்த இரண்டு பொருள்கள் இருக்க முடியாது, அப்படி இருப்பதாகத் தோன்றினால் அவை ஒன்றே என்றார் ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ். இதை மறுக்கத் தத்துவவாதி மேக்ஸ் பிளாக் 1952-இல் ஒரு கற்பனையை முன்வைத்தார். வேறெதுவும் இல்லாத ஒரு வெளியில், எல்லா விதத்திலும் ஒத்த இரண்டு இரும்புக் கோளங்கள் மட்டும் இருக்கின்றன; இவற்றை ஒன்று என்று எப்படிச் சொல்வது? பார்வையை வைத்து யோசித்தால் பிளாக் வென்றுவிட்டார் என்றே படும். இடத்தால் பிரிந்தவை இரண்டுதானே? ஆனால் இடமும் வலமுமாகப் பிரித்து வைத்த இரண்டு ஒத்த ஒலிகளைக் காது ஒன்றாக்கி நடுவில் வைத்துவிடுகிறது. கண் பிளாக்கின் பக்கம், காது லைப்னிட்ஸின் பக்கம். கணினியில் இரண்டு கோப்புகள் இருப்பது உண்மை. ஆனால் இசையில் தீர்ப்பு சொல்வது காதுதான்.

இன்னொரு சோதனையும் உண்டு. அலையைத் தலைகீழாகப் புரட்டும் கட்டளை ஆடாசிட்டி முதல் ரீப்பர் வரை எல்லா மென்பொருள்களிலும் இருக்கிறது. நகலை மட்டும் அப்படிப் புரட்டிவிட்டு மூலத்தோடு சேர்த்து ஓடவிட்டால் எதுவுமே கேட்காது. ஒன்றை மற்றொன்று முற்றாக அழித்துவிடும். இரண்டாம் முறை உண்மையாகவே பாடிய பதிவை, அதாவது டேக்கை, இதேபோல் புரட்டினால் மௌனம் வராது. குரல்கள் இரண்டும் முன்போலவே ஒலித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு தேர்ந்த பாடகரானாலும், எத்தனை முறை பாடினாலும், ஒரு டேக் மற்றொரு டேக்கை அழிப்பதில்லை. இரண்டாம் டேக் இரண்டாவதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வேற்றுமை மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஒன்று, நேரம். சொல் தொடங்கும் கணம் பத்து இருபது மில்லி வினாடி முந்தும், பிந்தும். இரண்டு, சுருதி. ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் கிடைக்கும் நுண்ணளவுக்குச் சென்ட் என்று பெயர். 220 ஹெர்ட்ஸில் நிற்கும் குரலோடு 222 ஹெர்ட்ஸில் நிற்கும் குரல் சேர்ந்தால் இடைவெளி சுமார் 16 சென்ட்தான். ஆனால் அதிலிருந்து வினாடிக்கு இரண்டு முறை எழுந்து தாழும் ஒரு விம்மல் பிறக்கும். டபுள் குரலின் மினுமினுப்புக்கு இத்தகைய விம்மல்கள் ஒரு முக்கியக் காரணம். மூன்று, நாதத்தின் நிறம். வாய் திறந்த அளவு, மூச்சின் அழுத்தம், மைக்குக்கும் உதட்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஆகியவை ஒரு தடவை இருந்தபடி மறு தடவை இருப்பதில்லை. இவை தொடர்ந்து மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டு டேக்குகள் கூடும்போது அளவு 6 டெசிபல் ஏறாமல் சராசரியாக 3 டெசிபல் அளவிலேயே ஏறும். ஒலியளவில் இழந்ததைத் தடிமனில் பெறுகிறது குரல்.

நேர வேற்றுமை எவ்வளவு வரை போகலாம் என்பதை 1949-இல் ஹெல்முட் ஹாஸ் தம் முனைவர் ஆய்வில் அளந்தார். ஒரே பேச்சொலி இரண்டு திசைகளிலிருந்து வரும்போது, பின்தங்கி வருவது ஏறத்தாழ 30 மில்லி வினாடிக்குள் வந்துவிட்டால் காது அதைத் தனி ஒலியாக எண்ணுவதில்லை. முதலில் வந்ததோடு சேர்த்துவிடுகிறது. அதற்கு மேல் பிந்தப் பிந்த எதிரொலி தலைகாட்டும். ஒன்று என்பதற்கும் இரண்டு என்பதற்கும் நடுவே இப்படி ஒரு குறுகிய இடைகழி இருக்கிறது. டபுள் டிராக்கிங்கின் தொழில் முழுவதும் அந்த இடைகழியில் நடப்பது.

தம் இசையோடு தாமே சேரும் வித்தைக்கு வயது எண்பதுக்கு மேல். 1941-இல் ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே, கிளாரினெட், சாக்சஃபோன்கள், பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று எல்லாவற்றையும் தாமே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து ஒரு குழுவையே உண்டாக்கினார். குரலில் இதைப் பிரபலமாக்கியவர்களில் பேட்டி பேஜ் ஒருவர். 1940-களின் இறுதியில் தமக்குத் தாமே துணைக்குரல் பாடினார். ஆனால் வீட்டுப் பதிவாளர்கள் முன்னோடியாகக் கொள்ள வேண்டியவர் லெஸ் பால். ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கார் ஷெட்டையே பதிவுக்கூடமாக்கி, இசைத்தட்டிலிருந்து இசைத்தட்டுக்கு மாற்றி மாற்றிப் பதிந்து 1948-இல் ‘லவர்’ என்ற பாடலை வெளியிட்டார். பின்னர் டேப் இயந்திரம் கைக்கு வந்தது. அவரும் மேரி ஃபோர்டும் 1951-இல் வெளியிட்ட ‘ஹவ் ஹை த மூன்’ பாட்டில் மேரியின் ஒற்றைக் குரலே ஒரு கோஷ்டியாக நிற்கிறது. அவர்கள் கையாண்ட முறையில் புது அடுக்கைப் பதியும்போது பழைய பதிவு அழிந்து, இரண்டும் கலந்ததே மிஞ்சும். கடைசி அடுக்கில் ஒரு பிசகு நேர்ந்தால் முதலிலிருந்து பாட வேண்டும். இன்று கணினியில் எண்ணற்ற டிராக்குகளை வைத்துக்கொண்டு அலுத்துக்கொள்பவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

அலுப்பிலிருந்துதான் அடுத்த கண்டுபிடிப்பும் வந்தது. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்குத் தம் குரல் இரட்டித்து ஒலிப்பது பிடிக்கும். அதற்காக மறுபடியும் பாடுவது பிடிக்காது. 1966-இல், ‘ரிவால்வர்’ இசைத்தொகுப்பின் பதிவு நடந்த காலத்தில், லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட் இதற்கு வழி கண்டார். பாடிய குரலை இரண்டாவது டேப் இயந்திரத்துக்கு அனுப்பி, அதன் வேகத்தை ஓர் ஆஸிலேட்டரால் ஏற்றி இறக்கி, சில பத்து மில்லி வினாடி தள்ளி மூலத்தோடு சேர்த்தார். தானியங்கு இரட்டிப்பு என்னும் பொருளில் அதை ஏ.டி.டி. என்றார்கள். இதன் செயல்பாடு பற்றி லெனன் கேட்டபோது, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் வாயில் வந்த சொற்களை எல்லாம் கோத்து ஒரு போலி விஞ்ஞான விளக்கம் கொடுத்துச் சமாளித்தார் என்பது இசையுலகில் பலரும் அறிந்த கதை. இன்றைய டபுளர், கோரஸ் பிளக்-இன்கள் செய்வதும் அடிப்படையில் டவுன்சென்ட் செய்ததையே.

இங்கேதான் கேள்வி கூர்மையாகிறது. பாடி எடுத்த டபுளில் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. மதியம் மூன்று மணிக்கு ஒரு மூச்சு, மூன்றே காலுக்கு இன்னொரு மூச்சு. இயந்திரம் செய்த டபுளில் நிகழ்ச்சி ஒன்றுதான். அதன் நிழலைச் சற்றே நடுங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டையும் கேட்டுப் பிரித்தறிவது பல சமயம் கடினம். ஆனால் முன்னதில் ஒரு மனிதனின் இரண்டு நேரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. வாழ்வில் யாருக்கும் வாய்க்காத நிலை அது. காலையில் இருந்தவனும் மாலையில் இருப்பவனும் ஒருவனே என்று எல்லோரும் நம்புகிறார்கள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வழியில்லாததால் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வருவதில்லை. டபுள் டிராக் அந்த இருவரையும் பக்கத்தில் நிறுத்துகிறது. வந்து நிற்பவர்கள் ஒத்துப்போவதில்லை.

திரும்பச் சொன்ன ஒலி அதே ஒலியா என்பது இந்தியத் தத்துவத்தில் நெடுங்காலம் நடந்த வழக்கு. ஒலி நித்தியமானது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்த மட்டுமே செய்கிறது என்பது மீமாம்சகர் கட்சி. ஜைமினியின் சூத்திரங்களுக்கு உரை எழுதிய சபரர் உலக வழக்கிலிருந்தே ஒரு சான்று எடுக்கிறார். பசுவைக் குறிக்கும் ‘கோ’ என்ற சொல்லை எட்டு முறை சொன்னால், ஒரு சொல்லை எட்டு முறை சொன்னதாகத்தான் மக்கள் பேசுகிறார்கள்; எட்டுச் சொற்களைச் சொன்னதாகப் பேசுவதில்லை. ஆகவே சொல் ஒன்றே. நியாய மதத்தவர் இதை ஏற்கவில்லை. ஒலி தோன்றி அழிவது. குளத்தில் ஓர் அலை அடுத்த அலையை எழுப்புவதுபோல ஒலி ஒலியைப் பிறப்பித்துக் காதை எட்டுகிறது. ஒவ்வோர் உச்சரிப்பும் புதிது. ‘அதே’ என்று தோன்றுவது ஒப்புமையால் வரும் மயக்கம் என்றார்கள். இந்த வழக்கின் சாயல் தமிழிலும் உண்டு. மணிமேகலையில் காஞ்சியில் அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும் காதையில், அனுமானத்துக்கு எடுத்துக்காட்டாகத் திரும்பத் திரும்ப வருவது ஒலி நிலையற்றது என்ற வாதமே. செய்யப்படுவது அழியும், குடம்போல.

வீட்டு ஒலிப்பதிவாளர் இவ்வழக்கில் இரு தரப்புக்கும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பல்லவியை இரண்டு தடவை பாடியிருக்கிறேன்’ என்றுதான் அவரும் சொல்வார். இரண்டு பல்லவிகள் பாடியதாகச் சொல்லமாட்டார். அந்த அளவில் சபரர் சரி. டேக்குகளைப் புரட்டி அழிக்க முயன்று தோற்கும் இடத்தில் நியாயம் சரி. பாட்டு ஒன்று, ஒலி இரண்டு. பாட்டு ஒன்றாக இல்லாவிட்டால் இரண்டு டேக்குகளும் வெறும் இரைச்சலாகும். ஒலி இரண்டாக இல்லாவிட்டால் டபுளே இல்லை. இரண்டு கட்சிகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும்.

பாடிய ஆளைப் பற்றிய கேள்விக்குப் பௌத்தர்களின் விடை பொருந்திவருகிறது. இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றா என்று மிலிந்த மன்னரிடம் நாகசேனர் கேட்கிறார். ஒன்றல்ல. அப்படியானால் வேறு விளக்கா? அதுவும் இல்லை. அதுவுமல்ல, பிறிதுமல்ல என்பது அந்த உரையாடல் சென்று சேரும் இடம். முதல் டேக் பாடியவருக்கு அப்போது பாட்டு புதிது. இரண்டாம் டேக் பாடுகிறவர் முதல் டேக்கைக் கேட்டுவிட்டவர். அந்த ஒரு வேற்றுமையைப் பின்னால் நீக்கவே முடியாது. முதலாமவர் பாட்டைப் பாடுகிறார், இரண்டாமவர் முதலாமவரைப் பாடுகிறார்.

தம்மைத் தாமே பின்பற்றிப் பாடுவது நினைப்பதைவிடக் கடினம். முதல் டேக்கில் எங்கே மூச்சு எடுத்தோம், எந்தச் சொல்லை இழுத்தோம் என்பதைப் பாடகர் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ஆகவே அலங்காரம் குறைந்த டேக்கையே மூலமாக வைப்பது நல்லது. ஹெட்போன் காதை முழுக்க மூடும் வகையாக இருக்க வேண்டும். இல்லையேல் பழைய குரல் கசிந்து மைக்கில் ஏறும். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடினால் சுருதி நிலைக்கும். திறந்த பக்கத்து ஒலியை நிறுத்திவிட வேண்டும். தம் குரல் கணினிக்குள் போய்த் தாமதமாகத் திரும்பி வந்தால் பாடுகிறவர் தடுமாறுவார். இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் கேட்கும் வசதி இதற்காகத்தான் இருக்கிறது.

தமிழ்ப் பாட்டில் டபுளைக் காட்டிக்கொடுப்பவை வல்லின எழுத்துகள். ‘பாடு’ என்ற சொல்லில் ப இரண்டு முறை வெடித்தால் தட்டுத்தடுமாறியதுபோல் கேட்கும். ‘ஸ’, ‘ச’ போன்ற உரசொலிகள் இரண்டு சீறல்களாகப் பிளக்கும். அதனால் அனுபவசாலிகள் இரண்டாம் டேக்கில் வல்லெழுத்துகளை மெலிதாகத் தொட்டுவிட்டு, நெட்டுயிர்களை நன்றாகப் பாடுவார்கள். உயிரில் இரண்டு குரலும் கலந்துவிடும். மெய்தான் இரண்டு என்று சொல்லிவிடும். இலக்கணக்காரர்கள் வைத்த பெயர்கள் இங்கே எதிர்பாராமல் பொருந்துகின்றன. கமகம் நிறைந்த பிடிகளும் டபுளுக்கு எளிதில் இணங்குவதில்லை. அசைவு ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் சுரம் கலங்கிவிடும். நேர்ச்சுரங்களில் நிற்கும் பல்லவி வரிகளுக்கே டபுள் அழகு. சரணம் தனிக்குரலில் போய்ப் பல்லவியில் டபுள் சேர்ந்தால், கதவு திறந்ததுபோல இருக்கும்.

இரண்டாம் டேக்கை முதலாவதைவிட 6 முதல் 10 டெசிபல் வரை தாழ்த்தி வைத்தால் அது தெரியாமலேயே குரலுக்கு உடம்பு கொடுக்கும். சம அளவில் வைத்து இடம் வலமாகப் பிரித்தால் குரல் அகலும். எவ்வளவு நெருக்கமாகப் பொருத்துவது என்பதுதான் விவாதத்துக்குரியது. ஒரு டேக்கின் நேரத்தை மற்றதன்மேல் தானாகவே ஒட்டவைக்கும் வோகலைன், சுருதியைத் திருத்தும் மெலடைன் போன்ற மென்பொருள்கள் வந்துவிட்டன. அளவோடு பயன்படுத்தினால் உதவி. நேரமும் சுருதியும் மயிரிழை பிசகாமல் பொருத்தப்பட்ட டேக், நகலெடுத்து ஒட்டியதை நோக்கிப் போகிறது. மினுக்கம் போய் ஒரு தகரத்தன்மை வருகிறது. நகலை 1 மில்லி வினாடி மட்டும் தள்ளிக் கூட்டினால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று சீப்புப் பல்போல வரிசையாக அதிர்வெண்கள் அழிந்துபோகும். மிகை நெருக்கம் தரும் ஒலியும் அந்த இனத்ததே. பிழையை முழுக்கத் திருத்தியவர் தாம் தேடியதையும் சேர்த்துத் திருத்திவிடுகிறார்.

ஒன்றும் அல்லாமல் இரண்டும் அல்லாமல் நிற்கும் இந்த உறவுக்குத் தமிழில் முன்பே ஒரு சொல்லாட்சி இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார், அத்துவிதம் என்ற சொல்லுக்கு ‘ஒன்று’ என்று பொருள் கொள்ளவில்லை. இரண்டும் வெவ்வேறாகப் பிரிந்து நிற்கின்றன என்ற எண்ணத்தைத்தான் அச்சொல் மறுக்கிறது என்றார். இறைவன் உயிர்களோடு ஒன்றாய், வேறாய், உடனாய் இருக்கிறான் என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படை வாய்பாடு. அடுத்த நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் இதற்குப் புணர்ச்சி விதியிலிருந்தே ஓர் உவமை எடுத்தார். தாள், தலை என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்தால் ‘தாடலை’ ஆகும். ளகரமும் தகரமும் தம் வடிவம் இழந்து ஒரே டகரமாகிவிடுகின்றன. ஆயினும் சொற்கள் இரண்டு, பொருள்கள் இரண்டு. கேட்பவர் ஒரு சொல்லைக் கேட்கிறார், அறிபவர் இரண்டை அறிகிறார். நன்றாக அமைந்த டபுள் இப்படித்தான் அமைகிறது. ஒலியில் ஒன்றாய், பாடிய கணத்தில் வேறாய், மெட்டின் ஓட்டத்தில் உடனாய்.

உவமையை எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது. சித்தாந்தத்தில் இறைவனும் உயிரும் இயல்பிலேயே வேறான பொருள்கள். ஒன்று அறிவிப்பது, மற்றது அறிவது. இரண்டு டேக்குகளுக்கு இடையே அத்தகைய மேல் கீழ் கிடையாது. கோயிலில் இருவர் சேர்ந்து வாசிக்கும் இரட்டை நாகசுரத்தோடும் இதை ஒன்றாக எண்ண முடியாது. அங்கே இருவர் ஒரு கணத்தில் கூடுகிறார்கள்; ஒருவர் வழுவினால் மற்றவர் விட்டுக்கொடுத்து அணைத்துக்கொள்வார். டபுள் டிராக்கில் முதல் குரல் முடிந்துபோனது. அதனால் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. இணங்கிப்போகும் பொறுப்பு முழுவதும் பின்னால் வந்தவரைச் சேர்ந்தது.

இது ஏமாற்று அல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. ஒருவர் ஒரு நேரத்தில் பாட முடியாத ஒன்றைப் பாடியதாகக் காட்டுவது பொய் என்பது அவர்கள் வாதம். பதிவு என்பது நடந்ததன் சாட்சி என்று கொண்டால் வாதம் நிற்கும். ஆனால் பதிவு செய்த பாட்டை அப்படி ஒரு சாட்சியமாக இன்று கேட்பவர் குறைவு. அதைத் தனி ஆக்கமாகவே கேட்கிறார்கள். அதில் ஒவ்வொரு மூச்சும் உண்மையாக விடப்பட்டது. பொய் என்று சொல்ல ஏதேனும் இருந்தால், அது அந்த மூச்சுகள் ஒரே கணத்தில் நிகழ்ந்தன என்ற தோற்றம் ஒன்றே. இயந்திர டபுளுக்கு அந்தச் சாக்கும் இல்லை. பாடாத இரண்டாம் தடவையைப் பாடியதாக அது காட்டுகிறது. பாட நேரமும் குரலும் இருக்கும்போது பிளக்-இன்னை நாடாமல் மறுபடி பாடுவதே மேல்.

மிக்ஸ் முடிந்து ஒரே கோப்பாக வெளியே வந்தபின் ஒரே தொண்டையிலிருந்து வந்த இரண்டு குரல்களை மறுபடி சுத்தமாகப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். இரண்டு டேக்குகளையும் திருத்தாத நிலையில், தனித்தனிக் கோப்புகளாக, தேதியிட்டுச் சேமித்து வையுங்கள்.